மூக்கு எரியுற மருந்தும் அமிலத்தில் திறக்கிற வளையமும்

போன தீபாவளி லீவுக்கு சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தி பையனுக்கு ஒன்பது வயசு. அவனுக்கு வலிப்பு வரும். தினமும் மாத்திரை சாப்பிடுறான், அதனால வலிப்பு வர்றது ரொம்பக் குறைஞ்சிருக்கு. ஆனா எப்பவாவது வந்து, ஐந்து நிமிஷத்துக்கு மேல நிக்காம போச்சுன்னா மூக்குல அடிக்கச் சொல்லி டாக்டர் ஒரு ஸ்ப்ரே கொடுத்திருக்கார். அதுக்குள்ள இருக்கறது மிடசோலம். ஆபரேஷனுக்கு முன்னாடி பதட்டத்தைக் குறைச்சு மயக்கத்துல வைக்கக் கொடுப்பாங்களே, அதே மருந்துதான். மூளையோட மின்சார ஆர்ப்பாட்டத்தை அடக்குற வேலையில தூக்கமும் வரும், வலிப்பும் நிக்கும்.

அன்னைக்கு ராத்திரி வலிப்பு வந்தது. சித்தி கை நடுங்காம ஸ்ப்ரே அடிச்சாங்க, நின்னுடுச்சு. காலையில அவன் என்கிட்ட கேட்ட கேள்வி வலிப்பைப் பத்தி இல்ல. "அக்கா, முழிச்சதுல இருந்து மூக்குல மிளகாப்பொடி போட்ட மாதிரி எரியுது. ஏன்?"

நான் கெமிக்கல் எஞ்சினியரிங் நாலாவது வருஷம். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லலன்னா எப்படி? மருந்து பேரைப் போட்டு போன்ல தேடினேன். இந்த மருந்தைத் தண்ணியில கரைச்சு வைக்கும்போது வழக்கமா பிஎச் 3-ஐ ஒட்டி வைப்பாங்கன்னு இருந்தது. எலுமிச்சைச் சாறுக்கும் தயிருக்கும் நடுவுல ஒரு புளிப்பு. மூக்கோட உள் தோலுக்கு அது எரியத்தானே செய்யும்? உடனே பெரிய மேதை மாதிரி சித்திகிட்ட சொன்னேன்: "ரொம்ப சிம்பிள் சித்தி. துளி சமையல் சோடாவைக் கலந்தா அமிலம் போயிடும், எரியாது."

நல்ல வேளை, சித்தி என்னை நம்பல. மெடிக்கல் ஷாப்புல இருக்கற ஃபார்மசிஸ்ட்டுக்கு போன் போட்டாங்க. "அதுல எதையும் கலக்கக் கூடாதும்மா"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டார். ஏன்னு அவரும் சொல்லல, எனக்கும் தெரியல. ஹாஸ்டலுக்குத் திரும்பின அப்புறம் ரெண்டு வாரம் இதைத்தான் படிச்சேன். நான் சொன்னபடி அவங்க செஞ்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு தெரிஞ்சப்போ நிஜமாவே வயித்தைக் கலக்கிடுச்சு. அதைத்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல ஒரு எளிமையான விஷயம். மூக்குல மருந்தை லிட்டர் கணக்குல ஊத்த முடியாது. ஒரு தடவை அழுத்தினா போறது சுமாரா 0.1 மில்லி. அந்தத் துளிக்குள்ள தேவையான மருந்து மொத்தமும் கரைஞ்சு இருக்கணும். மிடசோலமோ எண்ணெயைப் போல தண்ணியை வெறுக்கிற மூலக்கூறு. அந்தக் குணம் இருக்கறதாலதான் ரத்தத்துல இருந்து மூளைக்குள்ள சட்டுன்னு நுழையுது. மூளையைச் சுத்தி இருக்கற தடுப்பு கொழுப்பு மாதிரியான படலம், கொழுப்புல கரையறதுக்குத்தான் வழி விடும். ஆக, மூளைக்குப் போக தண்ணியை வெறுக்கணும், பாட்டிலுக்குள்ள இருக்க தண்ணியில கரையணும். ரெண்டும் எப்படி ஒரே மூலக்கூறால முடியும்?

இங்கதான் அமிலம் வருது. மிடசோலத்துல இமிடசோல்னு ஒரு சின்ன வளையம் இருக்கு. அதுல இருக்கற நைட்ரஜன் ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பிடிச்சுக்கும். பிடிச்சுட்டா மூலக்கூறுக்கு நேர் மின்சுமை வந்துடும், மின்சுமை வந்தா தண்ணிக்குப் பிடிச்சுப் போயிடும். இதோட பிகேஏ 6 பக்கத்துல. ஃபர்ஸ்ட் இயர்ல நாம மனப்பாடம் பண்ணி எக்ஸாம் முடிஞ்சதும் மறந்தோமே ஹெண்டர்சன்-ஹாசல்பால்க் சமன்பாடு, அதைப் போட்டுப் பாருங்க. பிஎச் 3-ல ஆயிரத்துக்கு ஒண்ணுதான் மின்சுமை இல்லாம இருக்கும். ரத்தத்தோட பிஎச் 7.4-ல தலைகீழ், சுமார் 95 சதவீதம் மின்சுமை இல்லாம கொழுப்பு விரும்பியா மாறிடும்.

இதோட கதை முடிஞ்சிருந்தா இந்தக் கட்டுரை ஒரு பக்கத்துல முடிஞ்சிருக்கும். ஆனா அமிலம் இந்த மருந்துக்கு இன்னொரு வேலையும் செய்யுது. மூலக்கூறையே உடைக்குது.

ஆமா, உடைக்குது. பதறாதீங்க.

மிடசோலம், டயஸிபாம், லோரசிபாம், க்ளோனசிபாம் எல்லாம் பென்சோடையஸிபைன் குடும்பம். இவங்களோட நடுவுல ஏழு அணுக்கள் சேர்ந்த ஒரு வளையம் இருக்கும், அதுல ரெண்டு நைட்ரஜன். அந்த வளையத்துல ஒரு இடத்துல கார்பனும் நைட்ரஜனும் இரட்டைப் பிணைப்புல கை கோத்திருக்கும். இமீன்னு சொல்வோம், லேப்ல ஷிஃப் பேஸ் பண்ணினோமே, அதே ஜாதி. அமிலத்துல அந்த நைட்ரஜன் ஹைட்ரஜன் அயனியை வாங்கினதும் பக்கத்து கார்பன் எலக்ட்ரானுக்கு ஏங்கிப் போய் நிக்கும். தண்ணி மூலக்கூறு அங்க வந்து உக்காரும். கடைசியில கார்பன்-நைட்ரஜன் பிணைப்பு விட்டுப் போய், ஒரு பக்கம் கீட்டோன், இன்னொரு பக்கம் அமைன். வளையம் திறந்துடும். ஸ்கூல்ல தமிழ் மீடியம் பசங்க இதை நீராற்பகுப்புன்னு படிச்சிருப்பாங்க. எனக்கு ஹைட்ராலிசிஸ்னுதான் தெரியும். ஆனா தமிழ்ப் பேருல வேலையே தெரியுது பாருங்க, நீரால் பகுக்கிறது.

இதை யோசிக்க எனக்கு உதவினது கொலுசு. கொலுசோட கொக்கியைக் கழட்டினா வளையம் நீளமான சங்கிலியா ஆயிடும். ஒரு மணிகூட உதிர்ந்திருக்காது, திரும்ப மாட்டினா மறுபடி கொலுசு. மிடசோலத்துல அமிலம் செய்யறது இதுதான். திறந்தப்போ வெளிய வந்த அமைன், அமிலத்துல இருக்கற வரைக்கும் ஹைட்ரஜன் அயனியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருக்கும், அதனால கீட்டோனைத் திரும்பத் தாக்க அதுக்கு எலக்ட்ரான் ஜோடி சும்மா இருக்காது. பிஎச் ஏறினதும் அமைன் விடுதலை ஆகும், எதிர்ல இருக்கற கீட்டோனைத் தாக்கும், தண்ணி வெளியேறும், வளையம் மூடிக்கும். ரெண்டு முனையும் ஒரே மூலக்கூறுல இருக்கறதால ஒண்ணை ஒண்ணு தேடி அலையவும் வேண்டாம்.

மிடசோலம் ஊசி மருந்தோட அதிகாரபூர்வ லேபிள்லயே இது இருக்கு. அந்த பிஎச்-ல கரைசல்ல சுமார் 25 சதவீதம் வரைக்கும் திறந்த வளையமா இருக்கலாம், உடம்போட பிஎச்-ல அது திரும்ப மூடி செயல்படுற மருந்தாயிடும்னு. நான் முதல் தடவை படிச்சப்போ நம்பல. நாலுல ஒரு பங்கு மருந்து 'உடைஞ்சு' இருக்கு, அதை எல்லாருக்கும் தெரிஞ்சே விக்கிறாங்க! ஆனா ரியாக்ஷன் எஞ்சினியரிங் கண்ணோட பார்த்தா இது நமக்குப் பழக்கமான மீள் வினைதான், லெவன்ஸ்பீல் புத்தகத்துல ஏயும் ஆரும் மாறி மாறிப் போகுமே, அது. பாட்டில்ல ஒரு சமநிலை. உடம்புக்குள்ள போனதும் பிஎச் மாறுது, சமநிலை நகருது, சில நிமிஷத்துல வளையம் மூடுது.

சரி, எல்லா பென்சோடையஸிபைனும் இப்படி நல்ல பிள்ளையா திரும்ப மூடிக்குமா? இல்ல. அதுக்கு அக்கா டயஸிபாமைப் பார்க்கணும், வேலியம்னு உலகம் பூரா பேர் எடுத்தது.

டயஸிபாமோட ஏழு அணு வளையத்துலயும் அதே இமீன் கொக்கி இருக்கு. ஆனா வளையத்தோட இன்னொரு பக்கத்துல ஒரு அமைடு பிணைப்பும் இருக்கு. அமைடும் அமிலத்துல நீராற்பகுப்பு ஆகக்கூடியது. இமீன் மட்டும் திறந்தா பரவாயில்ல, மூடிக்கும். அமைடும் சேர்ந்து அறுந்தா, கொலுசு ரெண்டு துண்டு. ஒரு துண்டு மெதைலமினோ-க்ளோரோபென்சோஃபீனோன்னு ஒரு மஞ்சள் நிறப் பொருள். இன்னொண்ணு கிளைசீன், ஆமா, புரதத்துல இருக்கற அதே அமினோ அமிலம். ரெண்டும் தண்ணியில ஆளுக்கொரு பக்கம் போயிடும். பிஎச்-ஐ மாத்தினா திரும்பி வராது.

மிடசோலம் மட்டும் ஏன் தப்பிக்குது? டயஸிபாம்ல அமைடு இருக்கற அதே இடத்துலதான் மிடசோலத்துக்கு அந்த இமிடசோல் வளையம் ஒட்டியிருக்கு. அறுபடக்கூடிய அமைடே அங்க இல்ல. 1975-ல ஹாஃப்மன் லா ரோச் கம்பெனியில இதைச் செஞ்சாங்க. ஒரே ஒரு சின்ன வளையத்தை ஒட்டினதுல தண்ணியில கரையற குணமும் வந்தது, அமிலத்துல துண்டாகாம இருக்கற குணமும் வந்தது. எனக்கு இந்த இடம்தான் மொத்த விஷயத்துலயும் ரொம்பப் பிடிச்சது.

டயஸிபாம் ஊசிக்கு இந்த வசதி இல்ல. அதோட பிகேஏ 3.4 பக்கத்துல, அதனால அதை மின்சுமை ஏத்திக் கரைக்கணும்னா ரொம்பக் கடுமையான அமிலம் வேணும், அந்த அமிலத்துலயே அது துண்டாயிடும். அதனால வேற வழி. ப்ரோபிலீன் கிளைகால் 40 சதவீதம், ஆல்கஹால் 10 சதவீதம் கலந்த கரைசல்ல, பிஎச் 6-க்கு மேல வச்சு, கரைக்கிறாங்க. நரம்புல போட்டா வலிக்கிறதுக்கு அந்தக் கரைப்பான்களுக்குப் பெரிய பங்கு உண்டு. எரியுற அமிலம் இல்லன்னா எரியுற கரைப்பான்.

உடனே ஒரு கேள்வி வரணும். நம்ம வயித்துலயே ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கே, பிஎச் 1, 2-ன்னு. டயஸிபாம் மாத்திரை அங்கயே சுக்குநூறா ஆகாதா? ஆகல. வாயால சாப்பிட்ட டயஸிபாம்ல 90 சதவீதத்துக்கு மேல உடம்புல உறிஞ்சப்படுது. காரணம் வேகம். அமைடு அறுபட நேரம் எடுக்கும், அதுக்குள்ள மருந்து வயித்தைத் தாண்டி குடலுக்குப் போயிடுது. இமீன் கொஞ்சம் திறந்திருந்தாலும் குடலோட பிஎச்-ல திரும்ப மூடிக்க வாய்ப்பு இருக்கு. 'அமிலத்தில் நிலையற்றது'ன்னு ஒரு வரி படிச்சா, எவ்வளவு நேரத்துல, எந்த வெப்பநிலையிலன்னு கேக்காம முடிவெடுக்கக் கூடாது. நம்ம கைனடிக்ஸ் மேடம் மூணாவது வருஷம் முழுக்க கத்தினது இதைத்தான். எனக்கு இப்பதான் காதுல விழுந்தது.

வயித்து அமிலத்தையே வேலைக்காரனா வச்சுக்கிட்ட மருந்தும் இருக்கு. பேரு க்ளோரசிபேட். அது முழுங்கும்போது முழு மருந்தே இல்ல. வயித்து அமிலத்துல அதுல இருந்து ஒரு கார்பன் டை ஆக்சைடு கழண்டு போகும், மிச்சம் நார்டயஸிபாம். ரத்தத்துல போய் வேலை செய்யறது அதுதான், முழுங்கின மூலக்கூறு ரத்தத்துல கிட்டத்தட்ட இருக்கறதே இல்ல. அமிலம் உடைக்கலன்னாதான் இங்க பிரச்சனை.

உடைஞ்ச துண்டு வழி காட்டின கதையும் ஒண்ணு உண்டு. இந்தக் குடும்பத்தோட முதல் மருந்து க்ளோர்டயஸிபாக்சைடு. அமெரிக்காவுல நியூ ஜெர்சியில ரோச் லேப்ல லியோ ஸ்டெர்ன்பாக்னு ஒரு வேதியியலாளர் பண்ணினது. பண்ணி ஓரமா வச்சுட்டாங்க. 1957-ல லேப்பைச் சுத்தம் பண்ணும்போது அந்தப் படிகங்கள் கண்ணுல பட்டு, சரி, இதையும் சோதிச்சுப் பார்க்கலாம்னு அனுப்பினாங்க. 1960-ல லிப்ரியம்னு கடைக்கு வந்தது. (நம்ம லேப்ல ஓரமா இருக்கற பாட்டிலைத் திறந்தா வர்ற வாசனைக்கு நான் அந்த ரிஸ்க் எடுக்க மாட்டேன்.) அந்த மருந்து கசப்பு, கரைசல்ல நிலையா நிக்காது. அமிலத்துல நீராற்பகுப்பு ஆகி அதோட மெதைலமினோ பகுதி கழண்டு டெமாக்சிபாம்னு ஒரு பொருளாகும். பார்த்தா, அந்தத் துண்டுக்கும் அமைதிப்படுத்துற குணம் இருந்தது. அப்போ கழண்டு போன பகுதி தேவையே இல்லைன்னுதானே அர்த்தம்? 1963-ல வந்த டயஸிபாம்ல அந்த மெதைலமினோ பகுதி கிடையாது.

ஃபாரன்சிக் லேப்கள்லயும் இந்த உடைப்பைப் பயன்படுத்துறாங்க. சந்தேகத்துக்குரிய மாதிரியை வலுவான அமிலத்துல சூடு பண்ணினா பென்சோடையஸிபைன்கள் பென்சோஃபீனோன்களா உடையும், அதை அடையாளம் காணுறது சுலபம். ஆனா ஒரு சிக்கல். நார்டயஸிபாமும் ஆக்சசிபாமும் உடைஞ்சா ஒரே பென்சோஃபீனோன்தான் வரும். ரெண்டுல எதைச் சாப்பிட்டாங்கன்னு துண்டைப் பார்த்து சொல்ல முடியாது. ரெண்டு வேற வேற கொலுசை அடிச்சு உருக்கினா ஒரே வெள்ளிதான் கிடைக்கும்.

இப்போ என் சமையல் சோடாவுக்கு வருவோம்.

சித்தி நான் சொன்னதைக் கேட்டு ஸ்ப்ரேயைத் திறந்து சோடா கலந்திருந்தாங்கன்னு வைங்க. பிஎச் 3-ல இருந்து 7, 8-ன்னு ஏறும். இமிடசோல் தன் ஹைட்ரஜன் அயனியை விட்டுடும், மின்சுமை போயிடும். திறந்திருந்த வளையங்களும் கொஞ்ச நேரத்துல மூடிக்கும். எல்லாமே 'நல்ல', முழுசான மிடசோலமா ஆயிடும். வேதியியலா பார்த்தா ஒரு மூலக்கூறுகூட கெட்டுப் போகல. ஆனா அமிலத்துல ஒரு மில்லியில 5 மில்லிகிராம் தாராளமா கரைஞ்சிருந்த மருந்து, நடுநிலைக் கரைசல்ல அதுல பத்துல ஒரு பங்குகூட கரையாது. மிச்சம் எல்லாம் வெள்ளையா திரிஞ்சு அடியில படியும். ஸ்ப்ரேயோட நுண்ணிய துவாரம் அடைச்சுக்கலாம். அடைக்கலன்னாலும் மேல இருக்கற தெளிஞ்ச தண்ணிதான் போகும். அடுத்த தடவை அவனுக்கு வலிப்பு வந்து, சித்தி சரியா எண்ணி ஸ்ப்ரே அடிச்சு, மூக்கு கொஞ்சம்கூட எரியாம, வலிப்பும் நிக்காம இருந்திருக்கும். நான் ரெண்டு ராத்திரி இதை நினைச்சுத் தூங்கல.

வீழ்படிவாகறதும் உடையறதும் வேற வேறன்னு எனக்கு அப்பதான் உறைச்சது. இதோட நேர் எதிர் உதாரணம் தையோபென்டால். மயக்க மருந்துதான், ஆனா பார்பிச்சுரேட் குடும்பம். அதை பிஎச் 10-க்கு மேல காரக் கரைசலாத்தான் வைப்பாங்க. அமிலம் பட்டா அது திரியும். இதையும் மிடசோலத்தையும் ஒரே ட்யூப்ல ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா விட்டா கலங்கிப் போகும். அதனாலதான் மயக்க மருந்து கொடுக்கறவங்க ஒரு மருந்துக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல சலைன் விட்டுக் கழுவுறாங்க. அமிலமோ காரமோ கெட்டது இல்ல, அந்தந்த மூலக்கூறுக்கு எது வீடுங்கறதுதான் கேள்வி.

பீக்கர்ல நடக்கறதை வச்சு உடம்புல நடக்கறதை ஊகிச்சு ஏமாந்ததுல நான் முதல் ஆள் இல்லைங்கறது ஒரு சின்ன ஆறுதல். க்ளோரல் ஹைட்ரேட் நம்ம தாத்தாவோட தாத்தா காலத்துத் தூக்க மருந்து. க்ளோரலை 1832-ல லீபிக் தயாரிச்சார். அமிலத்தைத் தாங்கும், ஆனா காரத்துல உடைஞ்சு க்ளோரோஃபார்ம் வரும். பெர்லின்ல லீப்ரைக்னு ஒருத்தர், ரத்தம் லேசா காரத்தன்மை உள்ளதுதானே, உள்ளே போனா கொஞ்சம் கொஞ்சமா க்ளோரோஃபார்ம் வெளிவந்து தூங்க வைக்கும்னு கணக்குப் போட்டு, 1869-ல அதைத் தூக்க மருந்தா அறிமுகம் பண்ணினார். தூக்கம் வந்தது. கணக்குதான் தப்பு. உடம்பு அதை ட்ரைக்ளோரோஎத்தனாலா மாத்துது, தூங்க வைக்கறது அது. அவருக்குத் தப்பான கணக்குல சரியான மருந்து கிடைச்சது. எனக்கு அந்த அதிர்ஷ்டம் இருந்திருக்காது.

எரிச்சலுக்கு வழியே இல்லையான்னா, முயற்சிகள் நடந்திருக்கு. 2019-ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்ச ஒரு மிடசோலம் நேசல் ஸ்ப்ரேயில அமிலத் தண்ணிக்குப் பதிலா ப்ரோபிலீன் கிளைகால் மாதிரி கரைப்பான்களைப் பயன்படுத்தியிருக்காங்க. அதுலயும் மூக்கு எரிச்சல் பக்கவிளைவா பதிவாகியிருக்கு. ஐரோப்பாவுல கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல விடுற மிடசோலம் 2011-ல வந்தது, வாய்க்குப் புளிப்பு பழக்கம்தானே. எதை மாத்தணும்னாலும் அது டாக்டர்கிட்ட பேச வேண்டிய விஷயம், சமையலறையில பண்ற விஷயம் இல்ல.

பொங்கலுக்குப் போனப்போ பாட்டியோட பழைய கொலுசை எடுத்து அவனுக்கு எல்லாத்தையும் காட்டினேன். கொக்கியைக் கழட்டினேன், மாட்டினேன். பாட்டில்ல இருக்கும்போது நாலுல ஒரு கொலுசு வரைக்கும் கழண்டே இருக்கும், புளிப்பு இருக்கறவரைக்கும் மாட்டாதுன்னு சொன்னேன். அவன் யோசிச்சுட்டு, "அப்போ என் மூளைக்குப் போறதுக்குள்ள மாட்டிடுமா?"ன்னு கேட்டான். மாட்டிடும்டான்னேன். "எரிஞ்சா மருந்து சரியா இருக்குன்னு அர்த்தமா?" இதுக்கு ஆமான்னு சொல்ல மனசு வந்தது, ஆனா அது உண்மை இல்ல. எரியறது அமிலம், மருந்து இல்ல, தேதி முடிஞ்ச பாட்டிலும் எரியும்னு சொன்னேன். உடனே ஓடிப் போய் பாட்டிலைத் திருப்பித் தேதி பார்த்தான். இன்னும் ஏழு மாசம் இருந்தது.

சித்தி அதை டிவிக்கு மேல வச்சிருந்தாங்க, அவசரத்துக்குக் கை எட்டணும்னு. ஓடிக்கிட்டே இருக்கற டிவி, பின்னாடி ஜன்னல் வெயில். வெப்பம் ஏறினா எந்தச் சிதைவும் வேகமாகும். இப்போ அது கட்டில் பக்கத்து அலமாரியில, அட்டைப் பெட்டிக்குள்ளயே இருக்கு.